சாளரத்தில் ஒரு தச்சர்

சென்னை சாந்தோம் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றில், உயிர்த்தெழுந்த இயேசுவும் அதை நம்ப மறுத்த தோமாவும் சந்திக்கிறார்கள். யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரம் சொல்லும் காட்சி அது. இயேசு முதல் முறை சீடர்களுக்குத் தோன்றியபோது தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் வந்து சொன்னதும், ஆணி பாய்ந்த தழும்பைக் கண்ணால் பார்த்து, அதில் விரலை வைத்து, விலாவில் கையை வைத்துப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிடுகிறார். எட்டு நாள் கழிகிறது. பூட்டிய கதவுக்குள் இயேசு மறுபடி வந்து நிற்கிறார். தோமாவைத்தான் முதலில் கூப்பிடுகிறார். விரலை இங்கே வை என்கிறார்.

இந்த இடத்தில் யோவான் ஒரு நுட்பம் செய்திருக்கிறார். தோமா தொட்டார் என்று அவர் எழுதவே இல்லை. இயேசு அழைத்த மறுநொடியே தோமாவின் வாயிலிருந்து விசுவாச அறிக்கை வந்துவிடுகிறது. விரல் காயத்தைத் தொட்டதா, பாதி வழியில் நின்றதா என்பதை நற்செய்தி வாசிப்பவரிடமே விட்டுவிடுகிறது. படம் போடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. விரலை எங்காவது வைத்துத்தான் தீரவேண்டும். 1601–02 வாக்கில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜியோ அந்த விரலைக் காயத்துக்குள்ளேயே நுழைத்து வரைந்தார். அவருக்கு முன்னும் பின்னும் கண்ணாடியிலும் கல்லிலும் மரத்திலும் இதே காட்சியைச் செய்த ஒவ்வொருவரும், சில அங்குல இடைவெளியைப் பற்றிச் சொந்தமாக ஒரு முடிவு எடுக்கவேண்டியிருந்தது.

மயிலாப்பூரில் இந்தக் காட்சிக்குத் தனி உரிமை உண்டு. தோமா கி.பி. 52-ல் மலபார்க் கரையில் இறங்கினார், சோழமண்டலக் கரைக்கு வந்தார், 72-ல் பரங்கிமலையில் குத்திக் கொல்லப்பட்டார், மயிலாப்பூரில் புதைக்கப்பட்டார் என்பது இங்குள்ள கிறிஸ்தவர்களின் நெடுநாளைய மரபு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ இந்தக் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் அதன்மேல் கோயில் கட்டினார்கள். அந்தப் பழைய கட்டடத்தை இறக்கிவிட்டு, 1893-ல் ஆயர் ஹென்ரிக் ஜோசே ரீட் ட சில்வா இப்போதைய கோத்திக் பேராலயத்தைத் தொடங்கினார். 1896-ல் அது அர்ச்சிக்கப்பட்டது. கல்லறைக்கு உரியவரின் வாழ்க்கையில் எந்த நொடியைக் கண்ணாடியில் வைப்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

கண்ணாடிச் சாளரம் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணாடியில் பெயின்ட் அடித்ததுபோலத் தெரியும். உண்மையில் நிறம் பெரும்பாலும் கண்ணாடியின் உடம்பிலேயே இருக்கிறது. மணல் உருகிக் குழம்பாக இருக்கும்போதே அதில் உலோக உப்புகளைச் சேர்க்கிறார்கள். கோபால்ட் நீலம் தரும், மாங்கனீசு ஊதா தரும், செம்பு பச்சையும் தரும், உலை நெருப்பை ஆளும் விதத்தைப் பொறுத்துச் சிவப்பும் தரும். சிவப்பில் ஒரு சிக்கல் உண்டு. முழுக் கனத்துக்கும் சிவப்பாக வார்த்தால் ஒளி உள்ளே வராது, கண்ணாடி கறுத்துத் தெரியும். அதனால் தெளிந்த கண்ணாடியின்மேல் மெல்லிய சிவப்பு ஏடு ஒன்றை ஒட்டவைத்து ஊதுவார்கள். இயேசுவின் மேலாடையில் நாம் காணும் சிவப்பு, பல சாளரங்களில் நகக்கனம்கூட இல்லாத ஓர் ஏடுதான்.

பிறகு முழு அளவில் வரைந்த படத்தின்மேல் வைத்து, ஒவ்வொரு நிறத்துண்டையும் வெட்டுவார்கள். முகத்தின் கோடு, தாடியின் சுருள், விரலின் நகம் ஆகியவை மட்டும் இரும்புத் துருவும் அரைத்த கண்ணாடித் தூளும் கலந்த கரும்பூச்சால் தீட்டப்பட்டுச் சூளையில் சுடப்படும். சூட்டில் அது கண்ணாடியோடு கண்ணாடியாக ஒன்றிவிடும். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பட்டறைகளில் வெள்ளி உப்பு பரவியது. அதைப் பூசிச் சுட்டால் வெள்ளைக் கண்ணாடி பொன்மஞ்சளாகும். அதனால் முகத்துக்கும் முடிக்கும் தலையைச் சுற்றிய ஒளிவட்டத்துக்கும் தனித்தனித் துண்டு தேவையில்லாமல் போனது. கடைசியில், இருபுறமும் பள்ளம் உள்ள ஈயப் பட்டைகளில் துண்டுகளைச் செருகி, மூட்டுகளைப் பற்றவைத்து, காற்றுக்குத் தாங்கும்படி இரும்புக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டுவார்கள். சாளரத்தில் தெரியும் கறுப்புக் கோடுகளில் பாதி ஓவியம், மீதி ஈயம்.

பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில் ஏறத்தாழ 1200-க்கும் 1235-க்கும் இடையில் செய்த சாளரங்கள் இன்றும் பெருமளவு நிலைத்திருக்கின்றன. அவற்றில் நோவா சாளரத்தின் அடிப்பகுதியில் தச்சர்களும் வண்டிச் சக்கரம் செய்வோரும் பீப்பாய் செய்வோரும் வேலை பார்க்கும் காட்சிகள் உண்டு. மேலே நோவா பேழை கட்டுகிறார், கீழே அந்த ஊர்த் தச்சர்கள் மரம் அறுக்கிறார்கள். வேதாகமக் காட்சிக்குள் சொந்த ஊரின் உளிச்சத்தம் நுழைந்துவிட்டது. அதே பேராலயத்தில் தோமா இந்தியாவுக்குப் போன கதைக்கும் ஒரு சாளரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாந்தோம் சாளரம் வருவதற்கு ஏறக்குறைய 660 ஆண்டுகளுக்கு முன்பே, இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத பட்டறைக்காரர்கள் தோமாவின் இந்தியப் பயணத்தை நிறத்தில் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கதை விவிலியத்தில் இல்லை. 3-ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த ‘தோமாவின் பணிகள்’ என்ற நூலில் இருக்கிறது. கொண்டபோரஸ் என்ற இந்திய அரசன் தனக்குக் கைதேர்ந்த தச்சன் வேண்டுமென்று ஹப்பான் என்ற வணிகனை அனுப்புகிறான். இந்தியாவுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் தோமாவை, இயேசுவே அந்த வணிகனுக்கு அடிமையாக விற்றுவிடுகிறார். உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டால் தோமா பட்டியல் போடுகிறார்: மரத்தில் ஏரும் நுகமும் படகும் துடுப்பும் பாய்மரமும் செய்வேன், கல்லில் தூணும் கோயிலும் அரண்மனையும் எழுப்புவேன் என்கிறார். ஐரோப்பிய ஓவியங்களில் தோமாவின் கையில் தச்சர் மட்டம் இருப்பதும், கட்டடக் கலைஞர்களுக்கு அவர் பாதுகாவலர் ஆனதும் இந்தக் கதையால்தான்.

மயிலாப்பூர் மரபு அதோடு இன்னொரு மரத்தைச் சேர்த்தது. கடலில் மிதந்து வந்து கரையில் ஒதுங்கிய பெருங்கட்டை ஒன்றை அரசனின் யானைகளாலும் அசைக்க முடியவில்லை. தோமா தன் இடுப்புக் கச்சையைக் கட்டி இழுத்தார், கட்டை கூடவே வந்தது, அந்த மரத்தில் கோயில் கட்டினார் என்பது கதை. பேராலயத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்து நிற்கும் கம்பத்தை, தோமா நட்டதாக இன்றும் மக்கள் வணங்குகிறார்கள். இந்தக் கதையை அறிந்தவர் சாந்தோம் சாளரத்தைப் பார்க்கும்போது, காயத்தை நோக்கி நீளும் அந்த விரல் தொட்டுப் பார்த்துத் தரம் அறியும் ஒரு தொழிலாளியின் விரலாகவும் தெரியும்.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் இதைச் சொல்லி விளக்கவேண்டிய தேவையே இல்லை. பச்சைமலையின் அடிவாரத்தில், வேப்பந்தட்டை வட்டத்தில் இருக்கும் இந்த ஊரும் அருகிலுள்ள தழுதாழையும் மரச்சிற்பத்துக்குப் பேர்பெற்றவை. வாகை, மா, மாவிலங்கம், ஒதியம், வேம்பு, தோதகத்தி என்று மலையும் சுற்றுவட்டாரமும் தரும் மரங்கள்தான் மூலப்பொருள். சுவாமி சிலை, கதவு, வாகனம், தேர்ச் சிற்பம் எல்லாம் இங்கிருந்து போகின்றன. அரும்பாவூர்ச் சிற்பத்தின் அடையாளம் ஒற்றைக் கட்டை. கையைத் தனியாகச் செய்து ஒட்டுவது, கிரீடத்தைத் தனியாகச் செருகுவது என்ற பேச்சுக்கு இடமில்லாமல், ஒரே மரத்துண்டிலிருந்து முழு உருவமும் வரவேண்டும்.

ஒற்றைக் கட்டை என்பதன் கஷ்டம் பட்டறையில் நின்று பார்த்தால்தான் பிடிபடும். கட்டையின்மேல் கோடு போட்டதும் கொட்டாப்புளி விழத் தொடங்குகிறது. பட்டை உளி பெரும் சதையை எடுக்கிறது. உடம்பிலிருந்து கை விலகும் இடத்தில் உளி சிறிதாகிறது. அங்கே மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கை அறிந்திருக்கவேண்டும். ரேகைக்கு எதிராக ஒரு தட்டு கூடுதலாகப் போனால் விரல் முறிந்துவிடும். கண்ணாடிக்காரர் ஒரு துண்டு உடைந்தால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். ஒற்றைக் கட்டைக்காரருக்கு முறிந்த விரல் என்பது முறிந்த சிலை. உருவத்தின் அளவை முகத்தின் நீளத்தால் அளக்கும் தாளக் கணக்கு இங்கே கைக்குள் இருக்கிறது. முகம் ஒரு தாளம், மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று கணக்கு இறங்கிக்கொண்டே போகும். எந்தத் தெய்வத்துக்கு எத்தனை தாளம் என்பது சிற்ப நூல்களின் விதி.

வேதாகமக் காட்சியைத் தாங்கிய சாளரத்துக்கும் தேருக்கும் அமைப்பில் நெருங்கிய உறவு இருக்கிறது. சாளரம் கட்டம் கட்டமாகக் கதை சொல்லும். தேரும் அடுக்கடுக்காகப் பதித்த பலகைகளில் புராணம் சொல்லும். வேறுபாடு பார்வையாளர் நிற்கும் இடத்தில். கண்ணாடியைப் பார்க்க மனிதர் உள்ளே போகவேண்டும், அதுவும் பகலில். வெளியே நின்றால் சாளரம் வெறும் கறுப்புத் தகடு. தேர் வெளியே வருகிறது, தெருவில் நிற்கிறது, கதையோடு நகர்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்த இரண்டாவது வழியைத்தான் முதலில் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். சப்பரமும் தேர்பவனியும் இல்லாத திருவிழாவை இன்றும் இங்கே யாரும் திருவிழா என்று சொல்வதில்லை.

அரும்பாவூருக்குத் தென்கிழக்கே, இப்போதைய அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் ஏலாக்குறிச்சி இருக்கிறது. 1995 வரை அரும்பாவூரும் ஏலாக்குறிச்சியும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ஏலாக்குறிச்சியில் ஒரு மனிதர், கண்ணாடியோ உளியோ இல்லாமல், தமிழில் வேதாகமக் காட்சிகளின் மிகப் பெரிய வரிசை ஒன்றை எழுப்பினார். கான்ஸ்டன்ஸோ ஜுசெப்பே பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். இயேசு சபையில் சேர்ந்து 1710-ல் கோவாவுக்கு வந்து, மறு ஆண்டு மதுரை மிஷனில் இணைந்தார். அரியலூர்ப் பாளையக்காரரான மழவராயருக்கு வந்த ராஜபிளவையை அவர் பச்சிலை வைத்துக் குணமாக்கினார், அதற்கு நன்றியாக மழவராயர் கோயிலுக்கு நிலம் தந்தார் என்பது ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலில் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி ‘திருக்காவலூர்க் கலம்பகம்’ பாடினார். 1726-ல் முடிந்தது ‘தேம்பாவணி’: 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்.

அந்தக் காப்பியத்தின் தலைவன் அரசனல்லன். நாசரேத்தூர்த் தச்சர் சூசையப்பர். முனிவர் அவரை வளன் என்று அழைக்கிறார்.

இதன் துணிச்சலை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. நற்செய்திகளில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுகிறார், சொன்னதைச் செய்கிறார். எகிப்துக்கு ஓடிய கதை மத்தேயு நற்செய்தியில் மூன்று வசனங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தத் தச்சரை வைத்து, கம்பனையும் சிந்தாமணியையும் கரைத்துக் குடித்த தமிழில், நாட்டுப் படலமும் நகரப் படலமும் முன்னால் நிறுத்தி, முடிசூட்டுப் படலம்வரை கொண்டுபோகிறார் முனிவர். யூதேயா நாட்டை வருணிக்கும் இடத்தில் நீர்வளமும் வயல்வளமும் மருதநிலத் தமிழ்நாட்டைப் போலவே தெரிகின்றன. சார்த்ர் தச்சர்கள் நோவாவின் காலடியில் தங்கள் பட்டறையை வைத்தார்கள். கொள்ளிடக்கரைக் கவிஞர் எருசலேமைச் சுற்றித் தன் கண்ணெதிரே இருந்த வயலை வைத்தார்.

எகிப்து செல்லும் வழியை அவர் அமைத்திருக்கும் விதம்தான் இங்கே முக்கியம். குழந்தையோடு பாலையைக் கடக்கும் அந்தக் குடும்பத்துக்கு, போகும் வழியெல்லாம் பழைய ஏற்பாட்டுக் கதைகள் விரிகின்றன. யோசுவாவின் போர் ‘சோசுவன் வெற்றிப் படல’மாகிறது, கிதியோனின் போர் ‘சேதையோன் வெற்றிப் படல’மாகிறது, சீனாய் மலையைக் காண ஒரு படலம் வருகிறது. ‘சித்திரக் கூடப் படலம்’ என்றே ஒன்று இருக்கிறது. ஒரு பேராலயத்தின் நடுக்கூடத்தில் மெதுவாக நடந்தால் இருபுறமும் சாளரம் சாளரமாக நோவா, யோசுவா, சிம்சோன் என்று கடந்துபோவோம். எகிப்துப் பாதையை முனிவர் அப்படியொரு கூடமாகவே கட்டியிருக்கிறார். வட இத்தாலியில் பிறந்து வளர்ந்த அவர் சிறுவயது முதல் சுவரோவியங்களுக்கு நடுவில் ஜெபித்தவர். இங்கே வந்தபோது மதுரை மிஷனின் கோயில்கள் பல மண்சுவரும் கூரையுமாக இருந்தன. அவரிடம் இருந்த விலையுயர்ந்த பொருள் செய்யுள் ஒன்றுதான். அதில் அவர் சாளரம் திறந்தார்.

அதே காலத்தில், கடலோரத் தரங்கம்பாடியில் லுத்தரன் சபையார் வேறு வழியில் போனார்கள். 1706-ல் வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-க்குள் அச்சிட்டு முடித்தார். அங்கே சுரூபத்துக்கும் தேருக்கும் இடமில்லை, எழுத்துத்தான் எல்லாம். வீரமாமுனிவர் அவர்களோடு கடுமையாக வாதாடினார், ‘வேத விளக்கம்’ எழுதினார். சண்டை ஒருபுறம் இருக்கட்டும். வேதத்தைத் தமிழர் கண்முன் நிறுத்துவது எப்படி என்ற ஒரே கேள்விக்கு இரு தரப்பும் இரு விடை தந்தன.

கண்ணாடி வந்தது அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கோத்திக் பாணிக்கு மறுபிறப்பு வந்தது, நின்றுபோயிருந்த கண்ணாடிப் பட்டறைகள் மறுபடி உலை மூட்டின. அந்த அலை கப்பலேறி இங்கும் வந்தது. 1872-ல் அந்தமானில் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோ பிரபுவின் நினைவாகக் கல்கத்தா புனித பவுல் பேராலயத்துக்குச் சாளரம் வரைந்து கொடுத்தவர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ். தமிழ்நாட்டில் சிவகங்கைச் சீமையின் இடைக்காட்டூரில் 1894-ல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் கோத்திக் கோயில் எழுப்பினார். திருச்சியில் லூர்து அன்னை ஆலயம் உயர்ந்தது. புதுச்சேரி திரு இருதய ஆலயம் 1907-ல் முடிந்தது, அதன் சாளரங்களில் புனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லாம் ஒரே தலைமுறைக்குள் நடந்தது.

வட ஐரோப்பாவில் கண்ணாடியின் வேலை, மங்கலான வானத்திலிருந்து கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் இழுத்து உள்ளே கொண்டுவருவது. இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. நம்முடைய கட்டடங்கள் வெயிலை வெளியே நிறுத்தும் கலையில் தேர்ந்தவை: தாழ்வாரம், திண்ணை, சிறு ஜன்னல். கருவறையோ எண்ணெய் விளக்கில் மட்டுமே முகம் காட்டும். வெயில் இவ்வளவு இருப்பதால்தான் சாந்தோமில் சாளரத்தின் நீலமும் சிவப்பும் நண்பகலில் சற்று வெளிறி, காலையிலும் மாலையிலும் கனிந்து தெரிகின்றன. பார்க்கப் போகிறவர் அந்த நேரத்தில் போவது நல்லது.

அந்தப் பேராலயத்திலேயே கண்ணாடியோடு மரமும் இருக்கிறது. இயேசுவின் கடைசி நாட்களைச் சொல்லும் 14 மரப்பலகைச் சிற்பங்கள் அங்கே உள்ளன. தோமாவின் காட்சிக்கு வெயில் வேண்டும். அந்த மரப்பலகைகளுக்கு வேண்டாம், மாலை மங்கிய பிறகும் மெழுகுத்திரி வெளிச்சத்தில் மரத்தின் மேடும் பள்ளமும் தெரியும், கண் தெரியாதவர்கூட விரலால் தடவிப் பார்க்கலாம். தொட்டுப் பார்த்தே நம்புவேன் என்றவரின் கோயிலில் தொட்டுப் பார்க்கக்கூடிய சிற்பம் இருப்பது பொருத்தமான ஏற்பாடு.

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்தது தமிழ்நாடு அரசின் கைவினைப்பொருள் நிறுவனமான பூம்புகார். பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. ஆனால் தொழில் நிற்பது ஆர்டரில். தேரும் வாகனமும் தினமும் செய்கிற பொருள் அல்ல, ஒரு கோயில் ஒரு தேர் செய்தால் பல தலைமுறைக்கு வரும். கைக்குப் புதிய கதைகள் வேண்டும். அரியலூர், பெரம்பலூர் வட்டாரக் கத்தோலிக்கர்கள் கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். தேம்பாவணி பிறந்த மண் அவர்களுடையது, உளி பிடிக்கும் கை பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. 36 படலங்களுக்கு 36 பலகைகள், ஒவ்வொன்றும் ஒற்றைக் கட்டையில், தச்சரின் கதையைத் தச்சர்களே செதுக்கி ஏலாக்குறிச்சியில் வைக்கவேண்டும். வாகை மரம் போதும். முதல் பலகையாகச் சித்திரக் கூடப் படலத்தைத் தொடங்கலாம், ஏனென்றால் படம் பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதர்களைச் செதுக்குவதில் சிற்பிக்கு நிறைய வேலை இருக்கிறது.